அக்கரையில் அரபு நாடு

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் புதிதாக ஒரு பிளக்ஸ் தொங்குகிறது. 'குடும்பத்துடன் வாருங்கள்! கடற்கரை, படகு சவாரி, பழமையான கலங்கரை விளக்கம்!' படத்தில் இருப்பது ஏதோ வெள்ளைக்காரன் ஊர் விளக்கு, சுற்றிலும் பனி. நம் ஆட்களுக்கு அது போதும். மழையில் நனைந்துகொண்டே நின்று படித்த நானும் அதே ரகம்தான், விடுங்கள்.

படத்தில் இருந்த கடலின் நீலத்தைப் பார்த்ததும் டீசல் வாடை மூக்கில் ஏறியது. ஆளையும் வண்டியையும் ஆற்றைக் கடத்தும் ஜங்கார் படகின் வாடை. பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பாக்டரியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்களையெல்லாம் பஸ்ஸில் அடைத்துக் கோழிக்கோட்டுப் பக்கம் கூட்டிப் போனார்கள். ஆறு கடலில் விழும் இடத்தில் ஜங்கார் ஏறி அக்கரை போனால் பழைய விளக்கு. ஏற்பாடு ஹெட் கிளார்க், கோயமுத்தூர்க்காரர். கடலையே தான்தான் வெட்டிவிட்டது போல ஒரு மிடுக்கு அந்த மனுஷனுக்கு. நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? வேகிற வெயிலில் அத்தனை பேரும் ஸ்வெட்டரும் மப்ளருமாக இறங்கினோம். வெளியூர் என்றால் ஸ்வெட்டர். எந்த வெளியூர் என்று மலைக்காரன் கேட்கமாட்டான்.

அம்மாவும் வந்திருந்தாள். லீவே போடாமல் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், விளக்கின் உச்சிக்கு ஏறலாம் என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். காரணம் எனக்குத் தெரியும். இந்தியா, சிலோன் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து, சிலோன் தேயிலைத் தோட்டங்களில் இருந்த எங்கள் சனத்தைக் கூறு போட்ட மீனைப் போலப் பிரித்துக்கொண்டபோது, அம்மா இந்தியாவுக்கு, அவளுடைய அக்கா சிலோனுக்கு. தலைமன்னார்த் துறையில் அழுதுகொண்டு நின்ற அக்காவைக் கப்பலிலிருந்து பார்த்ததுதான் கடைசி. உயரத்தில் நின்றால் அந்தக் கரையாவது தெரியும் என்று நம்பினாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே கடல், அதற்கு ஒரே அக்கரை.

உச்சியில் காற்று சேலையைப் பிடுங்கியது. அம்மா நெற்றியில் கைவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"சிலோன் எங்கிட்டுய்யா இருக்கு? ஒண்ணும் தெரியலையே."

ஹெட் கிளார்க் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்கம்மா, இது மேக்காலக் கடலுங்க. அக்கரையில அரபு நாடுங்க! உங்க சிலோனு அந்தப் பக்கமுங்க."

கூட வந்ததுகளும் சிரித்தன. அதில் பாதி அதே கப்பலில் வந்ததுகள். சற்று முன்புவரை அதுகளும் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் நின்றன. த்தூ!

"சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. ஒங்க அக்கா பக்கத்து ஊர்லதானே இருக்கா" என்றாள் அம்மா.

பிறகு விளக்கைச் சுற்றியிருந்த ஒடுக்கமான நடையில் மறுபக்கம் போனாள். அங்கே கடல் இல்லை. தென்னந்தோப்பும், அதற்கு மேல் நாங்கள் இறங்கி வந்த மலையும்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, "அக்கே!" என்று கூப்பிட்டாள். ஹெட் கிளார்க் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டார்.

நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லைன் வீடுகளை இடித்துவிட்டு அங்கே ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள். கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறோம் என்று பிளக்ஸ் வைத்த புண்ணியவான்களும் அவர்கள்தான். அம்மா போய்விட்டாள். பெரியம்மா செத்த சேதி, காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து வந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் மறுபடி பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

குடும்பத்துடன் வரவேண்டுமாம். எந்தக் கரையிலிருந்து கூட்டிக்கொண்டு வருவது?