விற்ற குதிரைகளைப் பார்க்கப் போனேன், தலைக்கயிறோடு

போன ஐப்பசியில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நான் விற்ற இரண்டு குதிரைகளைப் பார்க்கப் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போய் வந்தேன். குதிரை வளர்க்கிறவன் விற்ற குதிரையைத் தேடிப் போகக் கூடாது. வாங்கினவனுக்குப் பிடிக்காது, நமக்கும் மரியாதை இல்லை. தெரிந்துதான் போனேன். காரணம் மல்லி.

துறையூர் பக்கத்தில் என் கொட்டகையில் எட்டுக் குதிரைகள் நின்ற காலம் உண்டு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக இப்போது மல்லி ஒருத்தி, நான் ஒருத்தன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. இனிக் குட்டி போடாது, ஓடாது, யாரும் வாங்க மாட்டார்கள். என் முழங்கால் இரண்டும் போய்விட்டதால், கார்த்திகைக்குள் கோயம்புத்தூர் வந்து சேரச் சொல்லி மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவன் வீடு நாலாவது மாடி. குதிரையை லிஃப்டில் ஏற்ற முடியாது. புரோக்கர் ஒருவன் தினமும் போன் போட்டு, "நான் ஓட்டிக்கிட்டுப் போயிடுறேன்" என்கிறான். கிழக்குதிரையை அவன் எங்கே ஓட்டிப் போவான் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

மல்லி பெற்றவற்றில் இரண்டு இந்தப் பக்கம் இருக்கின்றன. இரண்டில் ஒரு வீட்டிலாவது அவளுக்கு ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்கத்தான் பயணம்.

பையில், குதிரை முகத்தில் மாட்டும் பழைய தலைக்கயிறுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். புதிதாகக் குதிரை வாங்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். விற்கும்போது தலைக்கயிறைக் கழற்றி நாங்கள் வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிப் போக வேண்டும். எங்கள் ராசி கயிற்றில் இருக்கிறது என்று நம்பிக்கை. கயிறும் சேர்ந்து போனால் கொட்டகை காலி என்பார்கள். நான் விற்ற அத்தனை குதிரைகளின் கயிறும் என் வீட்டு ஆணிகளில் தொங்குகிறது. வாசனை பிடித்தாவது அடையாளம் தெரியட்டும் என்று இந்த இரண்டை எடுத்தேன்.

துறையூரில் காலை ஆறே காலுக்கு பஸ். பெரம்பலூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். அங்கே இரண்டு இட்லி சாப்பிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு லப்பைக்குடிக்காடு பஸ் ஏறினேன். அது இன்னொரு ஒன்றேகால் மணி நேரம். வலது பக்கம் உட்காராதீர்கள், காலை வெயில் முகத்தில் அறையும்.

கண்டக்டர் என் பையை எட்டிப் பார்த்தார். "என்ன பெரியவரே, நாய்ச் சங்கிலியா?"

"குதிரைக் கயிறு."

"குதிரை எங்க?"

"அதைப் பாக்கத்தான் போறேன்" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

லப்பைக்குடிக்காட்டில் ஜமால் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம், குதிரைக்கார பாய் வீடு என்றால் போதும். சவுதியில் இருந்து திரும்பிய வருஷம், ஆசைக்கு என்று என்னிடம் வெள்ளை ஆண்குட்டி ஒன்று வாங்கினவர். நான் அதற்கு மணி என்று பெயர் வைத்திருந்தேன். இப்போது சுல்தானாம். குதிரை பளபளவென்று இருந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கோ குறை கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காது.

"மணி" என்றேன். காது அசையவில்லை. கயிற்றை மூக்கருகே நீட்டினேன். மோந்து பார்த்தது, ஒரு தும்மல் போட்டது, புல்லுக்குத் திரும்பிவிட்டது. என் சட்டையெல்லாம் ஈரம்.

ஜமால் சிரித்துவிட்டார். "அதுக்குப் பேரீச்சம்பழம் தந்தாத்தான் ஆளத் தெரியும், அண்ணே. வாங்க, சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்து மல்லி பேச்சை எடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே யாரோ ஒரு கூட்டாளியைப் பற்றி ஆரம்பித்தார். "வயசான குதிரையப் போயி வாங்கியிருக்கான் அண்ணே. கெழட்டுக் குதிரைய எவனாச்சும் வூட்ல கட்டுவானா? தீனிக்கே நாம திரும்ப சவுதி போவணும்." திறந்த வாயில் ஒரு கறித்துண்டைப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் குடித்துவிட்டு, சுல்தானுக்குக் குளம்பு வெட்ட நாளாகிவிட்டது என்று மட்டும் சொல்லிக் கிளம்பினேன். நல்ல மனுஷன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அங்கிருந்து, இரண்டாவது குதிரை இருக்கும் செந்துறைக்கு நேர் பஸ் எப்போது என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று நேரம் சொன்னார்கள். ஆலத்தியூர் வரை வந்து மாறிப் போனேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள், வேலி மரங்களுக்கு இலைமேல் சாம்பல் நிறம். ஆலத்தியூர் நிழற்குடையில் முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது போன் செய்யலாம் என்று எடுத்தேன். வந்திருந்த அழைப்புகள் எல்லாம் புரோக்கருடையவை. திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். வீட்டுக்காரி இருந்திருந்தால், "கேக்கத் துப்பில்லாம எதுக்கய்யா போனே?" என்று கேட்டிருப்பாள்.

செந்துறையில் இருந்து ஊருக்குள் ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். "குதிரை வூடா? ஏறுங்க" என்றார் டிரைவர். முந்திரித் தோப்பை ஒட்டிய வீடு. வாங்கின ஆள் லாரி ஓட்டுகிறவர், வெளியூர் போயிருந்தார். அவர் மனைவி செல்வியை நான் பார்த்ததில்லை, அவளுக்கும் என்னைத் தெரியாது. துவைத்துக்கொண்டிருந்தவள், குதிரையைப் பார்க்கணும் என்றதும் தலையை மட்டும் ஆட்டினாள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையை வாடகைக்குப் பேச வந்தவன் என்று நினைத்திருக்கிறாள்.

மல்லியின் மகள் சிட்டு வேம்படியில் நின்றாள். செவலை, நெற்றியில் வெள்ளை. கயிற்றை எடுத்து விரித்துப் பிடித்தேன், அவ்வளவுதான். அவளாகவே வந்து மூக்கை உள்ளே நுழைத்துக்கொண்டாள். குட்டியில் நான் பழக்கியது அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

பின்னால் வாளி உருண்டது. "யோவ்! யாருய்யா நீ? கயித்தப் போட்டு எங்க ஓட்டப் பாக்குற?" ஈரக் கையோடு ஓடிவந்து சிட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் வளர்த்தவன் என்று சொன்னேன். அது இன்னும் வம்பாகப் போயிற்று. "வித்தவரா? அப்ப திருப்பிக் கேக்கத்தான் வந்தீங்களா? பழைய கயித்தோட வந்தா வேற என்னங்க அர்த்தம்? தர மாட்டேன். அவரு வந்து சொன்னாலும் தர மாட்டேன்."

அவள் சொன்னது நியாயம். குதிரைமேல் யார் கயிறோ குதிரை அவருடையது, எங்கள் தொழிலின் சட்டமே அதுதான். புத்தி கெட்டவன் நான், அதை யோசிக்கவில்லை. கயிற்றைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, வந்த காரியத்தை அப்படியே கொட்டினேன். மல்லி, முழங்கால், நாலாவது மாடி, புரோக்கர், எல்லாம். மத்தியானம் ஜமால் வீட்டில் எங்கே போயிருந்தது இந்த வாய் என்று தெரியவில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். "இதோட அம்மாவா? இன்னும் இருக்கா?"

"இருக்கா. வேலைக்கு ஆவ மாட்டா."

"வேலைய இவ பாத்துக்குவா. கொண்டாந்து வுடுங்க." புருஷனுக்கு உடனே போன் போட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவள், "நீங்களா தீனி போடுறீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும். கயித்தோட தரணும். நாளைக்கு மனசு கேக்கலன்னு வந்து நிக்கக் கூடாது. இன்னிக்கு ஒரு தடவ எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிட்டது போதும்."

சரி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்ன லாரியில் மல்லியைக் கொண்டுபோனேன். தாயும் மகளும் தழுவிக்கொள்ளவெல்லாம் இல்லை. சிட்டு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுக் காதைப் பின்னால் மடக்கினாள், பிறகு இரண்டும் ஒரே தொட்டியில் வாய் வைத்தன. செல்வி மல்லியின் உதட்டைத் தூக்கினாள். "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் பாப்பேன்" என்றாள். பார்த்துவிட்டு, "தவிட்ட நனச்சுத்தான் வெக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கிளம்பும்போது கை தன் பாட்டுக்குப் போய்க் கயிற்றைக் கழற்றி முழங்கையில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம். செல்வி கையை நீட்டினாள். கொடுத்தேன். போயிட்டு வரேன் என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். அவளே, "வெறுங்கையோட எப்ப வேணும்னாலும் வாங்க" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. லப்பைக்குடிக்காடும் செந்துறையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் ஆலத்தியூரில் காத்திருக்க வேண்டிவரும், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய கயிற்றைக் கண்டிப்பாக எடுத்துப் போகாதீர்கள். துறையூரில் இருந்து வண்டி நாலாயிரத்து ஐந்நூறு ஆயிற்று. போக, வர என்று சேர்த்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் தகராறு வரும்.

திரும்பும் வழியில் சாலை மோசம். "காலி வண்டிதான் ரொம்பத் தூக்கிப் போடும். எதையாச்சும் புடிச்சுக்குங்க, பெரியவரே" என்றார் டிரைவர். இதுவரை விற்றுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் என் கையில் ஒரு கயிறு இருந்திருக்கிறது.