பையில் இரண்டு சட்டை

எங்கள் துணிக்கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஸ்கேனர்'. முகத்துக்கு நேரே என்றால் 'செக்கர் அக்கா'. பில்லையும் பையையும் ஒத்துப் பார்த்து, பில்லில் ஓட்டை போட்டு ஆளை வெளியே விடுவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. குழந்தை வண்டிக்கு அடியில் ஒருத்தி மடித்து வைத்திருந்த திரைச்சீலையை, வண்டி உருண்ட சத்தத்தை வைத்தே பிடித்தவர். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சாமர்த்தியம் யாருக்கும் வராது. ஆனால் கூட வேலை பார்ப்பவர்கள் நிம்மதியாகத் தும்ம முடியாது. "இப்ப எதுக்குத் தும்முனே? யாருக்கு ஜாடை?" என்பார்.

நான் அவருக்கு நாலடி தள்ளி, பேக்கிங் மேசையில் நின்றேன். அதனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

போன வருஷம் அவர் கண் சிவந்தது. ஏசியை யாரோ வேண்டுமென்றே தன் பக்கம் திருப்பிவிட்டதாக ஒரு வாரம் சண்டை. அப்புறம் மேல் இமை ஏறிக்கொண்டது, விழி முன்னால் தள்ளியது. வாடிக்கையாளர்கள் மேனேஜரிடம் போய், "அந்தம்மா எங்களத் திருடங்க மாதிரி முறைக்கிறாங்க" என்று புகார் சொன்னார்கள்.

"நான் எங்கடி முறைச்சேன்? மூட மாட்டேங்குதேடி!" என்றார் என்னிடம். "உள்ள இருந்து யாரோ கட்டைவிரல வச்சு அமுக்குற மாதிரி இருக்கு. பக்கவாட்டுல பாத்தா உயிரு போவுது."

கண் டாக்டர் அவர் கழுத்தைத் தடவிப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு என்றார். அக்காவுக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் வந்து பொரிந்து தள்ளினார். "கண்ணு வலிக்குதுன்னு போனா கழுத்தப் பிடிக்கிறாரு. கண்ணுக்கும் கழுத்துக்கும் என்னடி சம்பந்தம்? கேட்டா கதை சொல்றாரு. உடம்புக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கானாம், அவனுக்குப் புத்தி பிசகிப்போயி சொந்த வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிக்கிறானாம். அதான் கண்ணுக்குப் பின்னால வீங்குதாம். நானும் பத்தொம்போது வருஷமா வாசல்ல உக்காந்திருக்கேன், ஒரு நாளாவது சொந்த ஆளத் திருடன்னு பிடிச்சிருக்கேனா?"

நம்பவில்லையே தவிர, சொன்னதையெல்லாம் செய்தார். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. அந்தப் புட்டியின் மூடியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார், யாராவது திறந்தால் தெரிய வேண்டுமாம்! படுக்கும்போது களிம்பு, இமையை மூடி ஒட்ட டேப், தலைக்கு இரண்டு தலையணை. பகலில் கறுப்புக் கண்ணாடி. மோவாயைத் தூக்கி, தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டால் வலி குறைகிறதென்று கோழி மாதிரி சாய்ந்தே பார்த்தார். சிகரெட் புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதால் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தினமும் அக்கா அவர் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுவாராம்.

எனக்குப் பாவமாக இருக்கும். ஐஸ் தண்ணீரில் துணி நனைத்துக் கொடுப்பேன். "எதுல நனைச்சே?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணில் வைப்பார்.

அன்று ஒரு புதன்கிழமை. நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு மனிதர் நீலச் சட்டை ஒன்று வாங்கினார். நான்தான் பையில் போட்டுக் கொடுத்தேன். எங்கள் பைகள் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைகள். அவர் பையை மேசையில் வைக்காமல் உயரத் தூக்கிக் காட்டினார். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"நில்லுங்க. பில்லுல ஒண்ணு. பையில ரெண்டு."

நான் ஓடிப்போய்ப் பையை வாங்கிக் கவிழ்த்தேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். விழுந்தது ஒரே சட்டை.

"இப்பத்தான் ரெண்டு இருந்துச்சு," என்றார் அக்கா. "இவ கை வச்சதும் ஒண்ணாயிருச்சு. எங்கடி போட்டே?"

"அக்கா, ஒண்ணுதான்க்கா இருந்துச்சு!"

"நான் என் கண்ணால பாத்தேன்."

அவ்வளவுதான். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கண் ஒரு தடவை கூடத் தப்பியதில்லையே! மேனேஜர் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு என் மேசைக்கடியில் குனிந்து தேடினார். என் கைப்பையைக் கொட்டினார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார். டப்பாவுக்குள் சட்டை ஒளிக்க நான் என்ன மாயக்காரியா?

"சரக்கு எண்ணி முடிக்கிற வரைக்கும் வேலைக்கு வராதே," என்றார் மேனேஜர். ஒவ்வொரு முறை எண்ணும்போதும் ஏழெட்டு உருப்படி குறையத்தான் செய்யும். இந்த முறை அத்தனையும் என் தலையில் விழும். திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே போனால் இந்தத் தெருவில் எந்தக் கடை என்னைச் சேர்க்கும்? போகும்போது அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். நனைத்துக் கொடுத்த துணி அவர் மடியில்தான் கிடந்தது. பாவி, நீ நல்லா இருப்பியா என்று மனசுக்குள் திட்டினேன். மறைப்பானேன், அந்தக் கண் இன்னும் நாலு நாள் வலிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அன்று மாலை நடந்ததை அக்காவே பிறகு சொன்னார். வீடு திரும்பியவருக்கு வாசலிலேயே புகை வாடை. நிமிர்ந்து பார்த்தால் மாடிப் படியின் உச்சியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், விரலிடுக்கில் சிகரெட்.

"ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு பத்த வச்சிருக்கியாய்யா?"

"ஐயோ, ஒண்ணுதான்டி! சத்தியமா ஒண்ணுதான்."

"நான் என் கண்ணால பாக்குறேன், பொய் சொல்றியே!"

அவர் பயந்துபோய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அப்போது அக்காவுக்கு இரண்டு புருஷன் தெரிந்தார்கள். ஒரு கண்ணைப் பொத்தினார், ஒருவர் மறைந்தார். கையை எடுத்தார், மறுபடி வந்துவிட்டார். அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நாற்காலியும் போயிருக்காது. ஆனால் மறுநாள் காலை சம்பளப் பாக்கியை வாங்கிக்கொள்ள நான் போனபோது, அக்கா கடை ஆட்கள் அத்தனை பேரையும் நிற்க வைத்து மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு விரலத் தூக்கிக் காட்டுங்க சார். இன்னும் மேல."

மேனேஜர் ஒன்றும் புரியாமல் ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே உயர்த்தினார்.

"நேரா பாத்தா ஒண்ணு. நிமிந்து பாத்தா எனக்கு ரெண்டு தெரியுது," என்றார் அக்கா. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கண்களிலிருந்து தண்ணீர் எப்போதும் வடியும். அன்று வடிந்தது வேறு. "சட்டை ஒண்ணுதான். அவ எடுக்கல. என் கண்ணுதான் எடுத்துச்சு."

எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. போகாமல் கொஞ்சம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து ஏற்றுகிறார்கள். இரட்டையாகத் தெரியாமலிருக்க, கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான காகிதம் ஒட்டியிருக்கிறது. வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. அவர் பேக்கிங்கில் நிற்கிறார். வாசல் நாற்காலியில் நான்.

வேலை முடிந்து போகும்போது கடை ஆட்களின் பையையும் வாசலில் திறந்து பார்ப்பது வழக்கம். முதல் நாள் அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோது அவர் கைப்பையைப் பார்க்காமல், போகச் சொல்லிக் கையசைத்தேன். வந்ததே கோபம்! "ஏன், நான் பெரிய மகாராணியா? தொறந்து பாரு."

திறந்தேன். சொட்டு மருந்து, களிம்பு, டேப். அடியில் ஒரு சிகரெட் பெட்டி.

"காலையில அந்தாளுகிட்ட இருந்து பிடுங்குனது. மூணுதான் இருக்குன்னு சத்தியம் பண்றான். எத்தனைடி இருக்கு?"

எண்ணினேன். "மூணுதான்க்கா."

நன்றாகப் பார், மறுபடி எண்ணு என்பார் என்று காத்திருந்தேன். அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"நீ சொன்னா சரி," என்றார்.