கார் இறக்கும் பொன்னுவேல்

பொன்னுவேல் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனாலும் சீசன் நேரத்தில் ஏற்காட்டிலிருந்து தினம் ஒரு காராவது அவர் கையால் மலையிறங்கும். சேலம், ஈரோடு பக்கமிருந்து வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படியோ மேலே வந்துவிடுவார்கள். திரும்பும் நாளன்று ஸ்டியரிங்கைத் தொடத் தயங்குவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பள்ளம். லாட்ஜில் சொன்னால் அண்ணனுக்கு ஆள் போகும். அவர் வந்து காரை இறக்கி, அடிவாரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி மலைமேல் எங்கள் ஊரான வாழவந்திக்கு வந்துவிடுவார். வந்ததும் தோட்டத்துக் காப்பிச் செடிகளுக்குக் கிளை கழித்துக் கவாத்து செய்யப் போய்விடுவார்.

எஸ்டேட் ஜீப்பில் பழகிய கை அது. இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் பிரேக்கை அதிகம் தொடமாட்டார்.

"காருக்காரங்க பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு வெறும் தரைய மிதிச்சுக்கிட்டே வருவாங்க கண்ணு, அங்க பிரேக் இருக்கற மாதிரி. அடிவாரம் வந்து சாவிய வாங்குனதும், 'நானே ஓட்டியிருப்பேன், காலைல இருந்து லேசா தலைவலி'ம்பாங்க. ஆமாங்க, தலைவலியோட ஓட்டக் கூடாதுங்கம்பேன்."

நான் சேலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு ஊரில் சும்மா இருந்த காலம் அது. எங்கள் வீட்டில் முதல் பட்டம். பட்டம் வாங்கியவன் அடுத்து என்ன செய்வான் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தான் என்ன வேலை செய்கிறோம் என்பதில் சந்தேகமே இல்லாத ஒரு மனிதர் இரண்டு வீடு தள்ளி இருந்தார். அதனால்தான் அவரிடம் அடிக்கடி போய் உட்கார்ந்தேனோ என்னவோ.

தொண்ணூற்றிரண்டாம் வருடக் கோடையில் ஏரிக்கரையிலிருந்து அடுத்தடுத்து கார்கள் திருடு போயின. லாட்ஜ்காரர்கள் சங்கம் கூடி ஒரு கேமரா வாங்கியது. மலையிறங்கும் பாதையில், மேலிருந்து முதல் வளைவில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஸ்டூடியோ மாதையனை உட்கார வைத்தார்கள். வெளியூர் கார் இறங்கினால் ஓட்டுகிறவர் முகமும் நம்பரும் தெரியும்படி ஒரு படம். 'இங்கு உங்கள் வாகனம் படம் எடுக்கப்படுகிறது' என்று பெரிய போர்டு வேறு. ஃபிலிம் தீர்ந்துபோன நாட்களில் மாதையன் ஃபிளாஷை மட்டும் அடிப்பான். திருடனுக்கு எப்படித் தெரியும் என்பான்.

கழுவிப் பார்த்தால் பாதிப் படங்களில் முகமே இருக்காது. கார் நிற்காமல் போகும்போது மாதையன்தான் என்ன செய்வான்? அண்ணன் படம் மட்டும் பளிச்சென்று விழும். கொட்டகை கண்ணில் பட்டதும் வண்டியை ஊர்ந்துபோக விட்டு, தலையைக் கோதி, கேமராவை நேராகப் பார்ப்பார்.

"உழுந்துச்சா மாதையா?"

"மாப்பிள்ளை மாதிரி உழுந்திருக்கீங்கண்ணா. காரு உங்குளுதுன்னே எல்லாரும் நெனப்பாங்க."

ஒரு வெள்ளிக்கிழமை, லாட்ஜ் முதலாளி மாரியப்பன் அண்ணனைக் கூப்பிட்டு, ஈரோட்டுக்காரர் ஒருவருடைய நீல பியட்டை ஞாயிறு காலையில் இறக்க வேண்டும் என்றார். சங்கத்தின் செயலாளரும் மாரியப்பன்தான். மறுநாள் மதியம் அண்ணன் டீக்கடையில் இருந்தபோது ஒரு நீல பியட் வந்து நின்றது. சஃபாரி சூட் போட்ட ஒருவர் இறங்கினார்.

"வண்டி இறக்கறவர் நீங்கதானே?"

"நானேதானுங்க. நாளைக்கின்னு சொன்னாங்களே?"

"ஊர்ல ஒரு சாவு. உடனே போகணும்."

அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறினார். அந்த ஆள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு பின் சீட்டில் படுத்துவிட்டார். அடிவாரம் வந்ததும் எழுந்து, கூலியைக் கொடுத்து, அண்ணனுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை, மாரியப்பன் சொன்ன அந்த ஈரோட்டுக்காரர், நூல் வியாபாரி பாலசுப்பிரமணியம், மனைவியோடு படகுத் துறையிலிருந்து வந்து பார்த்தால் காரைக் காணோம். மாதையனின் ஃபிலிமைக் கழுவினார்கள். அவருடைய நீல பியட்டை ஓட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார் பொன்னுவேல் அண்ணன்.

ஞாயிறு காலையில் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். அவர் மனைவி கண்ணாயி அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "சாமி, நீ படிச்சவன். கூட வந்து ஒரு வார்த்தை சொல்லு."

போனேன். எஸ்.ஐ. படத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது நீதானே?"

"நானேதானுங்க."

"கார் உன்னுதா?"

"இல்லீங்க. அந்த ஐயாவுதுன்னு நெனச்சனுங்க."

"எந்த ஐயா? படத்துல உன்னைத் தவிர யாரும் இல்லையே."

"பின்னாடி படுத்திருந்தாருங்க. தலை சுத்துதுன்னாரு. அது நடிப்பில்லீங்க சார். வளைவுக்கு வளைவு சீட்டைப் புடிச்சுக்கிட்டு முருகா முருகான்னாரு. நெசமாவே பயந்தாருங்க."

ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். காரைத் திருடத் தெரிந்தவனுக்கு மலையிறக்கத் தெரியவில்லை என்பதை யார் நம்புவார்கள்?

"வண்டி உங்களுதான்னு கேட்டியா?"

"எப்படிங்க கேக்கறது? காருல வந்தவரப் போயி..."

நான் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றேன். படத்தில் இருந்தது பொய் இல்லை. ஓட்டியவர் இருந்தார். ஓட்டச் சொன்னவன்தான் இல்லை. இதைக்கூட அங்கே நின்றபோது எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. மூன்று வருடம் படித்தது எதற்கு என்று அன்றைக்குக் கேட்டுக்கொண்டது இன்றும் விடவில்லை.

நீல பியட் என்று மாரியப்பன் முன்பே அடையாளம் சொல்லியிருந்ததால்தான் நம்பினேன் என்றார் அண்ணன். மாரியப்பனைக் கேட்டார்கள். "ஞாயித்துக்கிழமை ஒரு வண்டி இருக்குன்னேன். என்ன வண்டின்னு நான் சொல்லலீங்க" என்றுவிட்டார். தன் லாட்ஜில் பேசியது வெளியே போய்த்தான் கார் போனது என்றாகிவிடுமே என்ற பயம் அவருக்கு.

கூப்பிட்டபோது வரவேண்டும் என்று சொல்லி அன்று மாலையே அண்ணனை அனுப்பிவிட்டார்கள். சங்கம் விடவில்லை. அந்தப் படத்தையே பிரதி எடுத்து, 'இவரிடம் சாவி கொடுக்க வேண்டாம்' என்று எழுதி ஒவ்வொரு லாட்ஜிலும் ஒட்டினார்கள். படம் வேறு அத்தனை தெளிவு. பஸ்ஸில் ஏறினால் வெளியூர்க்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த மாரியப்பன் ஊட்டு வாசல்ல போயி நின்னு கேளுங்களேன், சொன்னியா இல்லியான்னு" என்று அக்கா தினமும் சண்டை போட்டார்.

"கேட்டா இல்லைங்கறாரு. மறுக்கா கேட்டா மறுக்கா இல்லைம்பாரு. கேக்கக் கேக்க நாந்தான் திருடனாட்டந் தெரிவேன். விடு."

பகலெல்லாம் அவர் தோட்டத்திலேயே கிடந்தார். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. மற்றவர் சாவியை வாங்குவதே ஒருவருடைய பிழைப்பாக இருக்கும்போது, அந்தக் கையை யாரும் நம்பாவிட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது என்ன? காப்பித் தோட்டம் இருந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. அது பதிலாகுமா?

அடுத்த வாரம் ஓமலூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பெட்ரோல் தீர்ந்து நின்ற பியட் கிடைத்தது. ஆள் அகப்படவில்லை. காரை மேலே கொண்டுவந்து ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். அடையாளம் சொல்ல அண்ணனையும் கூப்பிட்டார்கள். அக்காவும் நானும் கூடப் போனோம். மாரியப்பனும் சங்கத்து ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள்.

பாலசுப்பிரமணியமும் அவர் மனைவி கமலாவும் ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கினார். காரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். பிறகு மலையிறங்கும் ரோட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க மாரியப்பன், அந்த டிரைவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

"எந்த டிரைவருங்க?"

"அதாங்க, அன்னிக்கு எங்க காதுபடவே கூப்பிட்டுச் சொன்னீங்களே. நீல பியட்டு, ஈரோட்டு நம்பரு, பின்னாடி கண்ணாடியில அம்மன் படம் ஒட்டியிருக்கும்னு. நாங்கூட மாடியில இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். தலையில துண்டு போட்டிருந்தாரு, மொகந்தான் தெரியல."

எஸ்.ஐ. மாரியப்பனைப் பார்த்தார். மாரியப்பன் தன் செருப்பைப் பார்த்தார்.

"கூப்புடுங்க மொதலாளி" என்றார் கண்ணாயி அக்கா பின்னாலிருந்து. "வரச் சொல்றாங்கல்ல. பேரு மறந்துபோச்சுங்களா? ஒவ்வொரு லாட்ஜுலயும் படமா ஒட்டியிருக்கு பாருங்க."

மாரியப்பன் மெல்லக் கையைத் தூக்கி அண்ணனைக் காட்டினார். பாலசுப்பிரமணியத்துக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. தன் காரை ஓட்டிப் போனவரும், தனக்காக ஏற்பாடு செய்த டிரைவரும் ஒரே ஆள். அவர் சாவியை நீட்டவும் இல்லை, பையில் போடவும் இல்லை.

கமலா அதை அவர் கையிலிருந்து வாங்கினார். "இவரு ஓட்டித்தான் வண்டியில ஒரு கீறல்கூட இல்லாம இறங்கியிருக்குது. நீங்க ஓட்டினா எனக்குத்தான் தெரியுமே" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, சாவியை அண்ணனிடம் நீட்டினார். "இந்தாங்க, எடுங்க."

அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். பாலசுப்பிரமணியம் பின் கதவைத் திறந்து ஏறப் போனார்.

"ஏனுங்க ஐயா" என்றார் அண்ணன். "நீங்க முன்னாடி வந்து உக்காருங்க. படத்துல உங்க மொகமும் தெரியட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள், எஸ்.ஐ.கூட. அண்ணன் சிரிக்கவில்லை. பாலசுப்பிரமணியம் முன்னால் வந்து உட்காரும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்தார்.