ஏணி கேட்காத கூரை

வைகாசி முடியப்போகிறது என்றால் குற்றாலத்துப் பங்களாக்காரர்கள் குருவம்மாளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். சாரல் தொடங்குவதற்கு முன்னால் அவள் வந்து கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகவேண்டும். அவளோ அவசரப்பட மாட்டாள். கையில் ஒரு மூங்கில் குச்சியோடு வீட்டைச் சுற்றி வருவாள், எந்தெந்த மரம் நிற்கிறது என்று பார்ப்பாள், முந்தானை நுனியை விட்டுக் காற்றுப் போகும் பக்கத்தைக் கவனிப்பாள். அப்புறம்தான் வாயைத் திறப்பாள். "அந்தக் கல்லையெல்லாம் மொதல்ல எடுத்துப் போடுங்க." பெரிய என்ஜினியர் வீடாக இருந்தாலும் இதே பேச்சுத்தான். அந்த அதிகாரம் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை.

ராயகிரிக் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவள் அவள். கல்யாணமான மறுவருஷம், 1953இல், ஊர்ப் பண்ணையார் சிவனணைந்தபெருமாள் அவளையும் புருஷன் தங்கசாமியையும் தன் குற்றாலத்துப் பங்களாவுக்குக் காவலாக அனுப்பிவைத்தார். பின்பக்கம் ஓர் அறையும் அடுப்படியும் அவர்களுக்கு. சாரல் மாதங்களில் பண்ணையாரின் சொந்தபந்தம் நாற்பது பேர் எண்ணெய்க் குப்பியோடு வந்து இறங்குவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த இடத்துக்கு இவர்கள் இரண்டு பேர்தான் ராஜாவும் ராணியும்.

பங்களாவைப் பிடித்த சனியன் ஒன்றே ஒன்று. மேற்கே ஒரு பலாவும் ஒரு புளியும் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அவை உதிர்க்கிற இலையைக் காற்று கூரைக்கு மேலாக ஓட்டிக்கொண்டு வந்து கிழக்குப் பக்கம் இறக்கும். அங்கே ஓட்டு விளிம்பில், மழைத் தண்ணீரை வாங்கிக் கீழே அனுப்பும் தகரத் தூம்பு இருந்தது. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறும், கூடத்துச் சுவர் ஊறும், விருந்தாளி மெத்தை நனையும். மழையிலேயே ஏணி போட்டு இலையை அள்ளுவது தங்கசாமியின் வேலை. 1958 ஆடியில் பாசி பிடித்த ஏணி வழுக்கி, அவன் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகிவிட்டது.

அன்றிலிருந்து குருவம்மாள் ஏறினாள். விருந்தாளிகள் அருவிக்குப் போன நேரம் பார்த்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறுவாள். இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 1960இல் ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிய பண்ணையார் அண்ணாந்து பார்த்தார்.

"ஏட்டி, எறங்கு கீழ!" என்று ஒரு சத்தம். அவள் இறங்கி நின்றாள். "நொண்டியக் கீழ ஒக்கார வச்சிட்டு பொம்பளயக் கூரை ஏத்துதான்னு என்னயல்லா ஊரு பேசும்? அடுத்த சாரலுக்கு ஏறத் தெம்பு உள்ள ஆளா பாத்துக்கிடுதேன். நீங்க ரெண்டு பேரும் ஊருக்கு வந்துருங்க."

ஊரில் என்ன இருந்தது? ஒரு குழி நிலம் கிடையாது. தங்கசாமியால் இனி ஏர் பிடிக்க முடியாது. ஆனால் குருவம்மாளின் வாய் அவளைக் கேட்டுப் பேசுகிற வாய் இல்லை.

"யாருமே ஏற வேண்டாம்னா, அண்ணாச்சி?"

"எல என்ன, சொன்ன பேச்சுக் கேட்டு எறங்கிப் போவுமோ?"

"போவும்படி செய்யுதேன். அடுத்த சாரல்ல கூடத்துல ஒரு சொட்டு விழுந்தாலும் நானே மூட்டையக் கட்டுதேன்."

பண்ணையார் சிரித்துவிட்டு, சரி பார்ப்போம் என்றார்.

தென்காசியில் பீர் மைதீன் இரும்புக்கடை. குருவம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போனாள். மடியிலிருந்த துணியை அவிழ்த்துப் பலாவிலை, புளியிலை எல்லாவற்றையும் மேஜையில் கொட்டினாள்.

"பாய், இதுவ உள்ள போவக்கூடாது. தண்ணி மட்டும் போவணும்."

"எலைக்கு வலை கேட்டு வந்த மொத ஆளு நீதாம்மா" என்று சிரித்தார் பீர் மைதீன். இருந்தாலும் மூன்று கம்பி வலையை விரித்துப் போட்டார். அவள் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கினாள். கோழி வலையில் புளியிலை டிக்கெட் இல்லாத ஆள் மாதிரி கூசாமல் உள்ளே போனது. கொசு வலையில் தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்று வழிந்தது. மணல் சலிக்கிற வலைதான் பலாவிலையை நிறுத்தியது, தண்ணீரை விட்டது, தப்பிப் போன ஒன்றிரண்டு புளியிலையும் தண்ணீரோடு ஓடிவிட்டது. கடை மேஜை குளமானது. பாய் பாவம், துணியை எடுத்துத் துடைத்தார்.

வலையைச் சுருட்டிக் கொடுக்கும்போது அவர் அக்கறையாக ஒரு யோசனை சொன்னார். "நல்லா அமுக்கிக் கல்ல வச்சிருங்க. குத்தாலத்துக் காத்து சும்மா விடாது." தங்கசாமியும் அதையே சொன்னான். குற்றாலத்தில் கூரைமேல் எது போட்டாலும் கல்லை வைத்துத்தான் பழக்கம். அவர்களும் வலையைத் தூம்புக்குள் அமுக்கி, முழத்துக்கு ஒரு கல் வைத்தார்கள்.

1961 ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. மூன்றே நாளில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இலை குப்பைமேடாகக் குவிந்தது. தண்ணீர் மறுபடியும் சுவருக்குள் இறங்கியது. ஆனி பதினைந்தாம் தேதி வருகிறோம் என்று பண்ணையார் கடிதாசி போட்டிருந்தார். "விடுட்டி, ஊருக்கே போவோம்" என்றான் தங்கசாமி. அவள் அன்று முழுக்க அழுதாள்.

மறுநாள் காலை முற்றத்தில் நின்று வெறுப்போடு அண்ணாந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தூம்பின் தெற்கு ஓரத்தில் ஒரு கல் நழுவி விழுந்திருந்தது. அங்கே மட்டும் வலை மேலே எழும்பி வெளிப்பக்கமாகச் சரிந்து நின்றது. அந்த இடத்தில் ஓர் இலை இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பலாவிலை ஓட்டில் வழுக்கி வந்து வலைமேல் உட்கார்ந்தது. காற்று ஒரு தட்டுத் தட்டியது. இலை அவள் காலடியில் விழுந்தது.

"அட கூறுகெட்டவளே!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "களத்துல காத்தை நம்பித்தான தூத்துதோம்? பதர அது கொண்டுபோவட்டும்னு விடாம, கல்ல வச்சா அமுக்குவாவ?"

கல்லையெல்லாம் உருட்டிவிட்டாள். வலையின் உள்விளிம்பைக் கடைசி வரிசை ஓட்டுக்கு அடியில் செருகினாள். வெளிவிளிம்பைத் தூம்புக்கு மேலாக மடித்து, அடியில் கம்பியால் முறுக்கினாள். ஓட்டுச் சரிவு அப்படியே வலையிலும் தொடர்ந்தது. இறங்கி வந்து ஏணியை ஒரு முறை முறைத்தாள்.

பதினைந்தாம் தேதி நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். மத்தியானம் சாரல் பிடித்துக்கொண்டது. பண்ணையார் குடையோடு கிழக்குப் பக்கம் போய் நின்றார். இலைகள் ஒவ்வொன்றாக அவர் குடைமேல் விழுந்தன. மூலைக் குழாயில் தண்ணீர் தெளிவாகக் கொட்டியது. உள்ளே வந்து கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவினார். ஈரம் இல்லை. எட்டு நாளும் தடவினார், எட்டு நாளும் இல்லை. மனிதருக்கு நம்ப மனசு வரவில்லை.

"ஏலே தங்கசாமி, ஏணியக் கொண்டா. மேல என்னதான் கெடக்குன்னு ஒரு ஆள ஏத்திப் பாத்துருவோம்."

தங்கசாமி தலையைச் சொறிந்தான். அடுப்படியிலிருந்து குருவம்மாள் வெளியே வந்தாள்.

"ஏணி இல்ல அண்ணாச்சி."

"எங்க போச்சு?"

"நீங்க வந்து எறங்கின அன்னைக்குக் காலையில ஒங்க அக்காவுக்கு வெந்நி போட்டேம்லா? வெட்டி அடுப்புல வச்சிட்டேன்."

பண்ணையார் கணக்குப் போட்டுப் பார்த்தார். வந்த அன்று காலையில் என்றால், அவர் சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்கே முன்னால். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே இந்த வீட்டுக்கு வேற ஆளு எதுக்குட்டி? ஒங்க காலம் உள்ள மட்டும் நீங்களே இருங்க."

தங்கசாமி சுவரில் சாய்ந்து, குட்டைக் காலைச் சுகமாக நீட்டிக்கொண்டான். குருவம்மாள் அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போனாள்.