விதைநெல்லுக்குப் போர்த்திய கம்பளி

காத்தாயிக்கு ஒரு காரியத்தில் ஆவேசம் பிடித்துவிட்டால் அவள் பேசுவது தெருக்கோடிவரை கேட்கும். அந்த மார்கழி முதல் வாரத்தில் தெருக்கோடி என்ன, வாய்க்கால் மதகுவரை கேட்டது.

புயல் அடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசாங்கம் கொடுத்த ஒற்றை பல்பைத் தாழ இறக்கிக் கட்டி, அந்தச் சூட்டில் குளிர் காய்வதுதான் அவர்கள் வீட்டுக் குளிர்காலப் பழக்கம். இப்போது பல்பு சும்மா தொங்கியது. நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. கீற்றுத் தடுப்பின் வழியே வாடைக்காற்று தாராளமாக வந்து போனது. மூன்று பேருக்கு இருந்தது ஒரே ஒரு கம்பளி.

அந்தக் கம்பளியைத்தான் காத்தாயி விதைநெல் மூட்டைக்குப் போர்த்தினாள்.

“ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா? எங்களக் குளிர்ல போட்டுட்டு நெல்லுக்குப் போத்துறே!” என்று கத்தினான் அவள் புருஷன் ரெத்தினம்.

“நாம நடுங்கினா ஒண்ணும் செத்துப்போயிட மாட்டோம். இது நடுங்கினா மூணு மாவும் போச்சு, தெரியுதுல்ல?”

அவள் சொன்னதில் பொய்யில்லை. மூன்று மா நிலமும் மிராசுதார் சிங்காரவேலுவுடையது. ரெத்தினத்தின் அப்பா காலத்திலிருந்து இவர்கள் குத்தகை. சங்கம் வைத்து, கொடி பிடித்து, தாசில்தார் ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன்புதான் குத்தகைப் பதிவேட்டில் காத்தாயியின் பெயர் ஏறியது. இப்போது நின்ற பயிர் அத்தனையும் தண்ணீரில் அழுகிவிட்டது. வெள்ளிக்கிழமை வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. வயல் வயலாகப் பார்த்து அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் எழுத வருகிறார். வயல் வெறுமையாகக் கிடந்தால் ‘தரிசு’ என்று எழுதிவிடுவார். குத்தகைக்காரி நிலத்தைக் கைவிட்டுவிட்டாள் என்று மிராசுதார் அந்தத் தாளோடு கோர்ட்டுக்குப் போவார். தண்ணீரை வடித்துச் சேற்றைக் கலக்கியாயிற்று. மிச்சம் இருந்த ஒரே மூட்டை விதையை முளைகட்டி, வியாழக்கிழமை தெளித்தாக வேண்டும்.

ஞாயிறன்று ஊறப்போட்டாள். திங்களன்று வடித்து வைக்கோல் மெத்தையில் கிடத்தி, மேலே வைக்கோல், சாக்கு, கம்பளி, கனத்துக்கு ஒரு அம்மிக்கல் என்று அடுக்கினாள். வெயில் நாளாக இருந்தால் ஒரே பகலில் மூட்டை சூடேறி முளை விட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை பத்துத் தடவை கையை விட்டுப் பார்த்தாள். குளத்துத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. காத்தாயிக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய கூடை ஒன்றை உடைத்து எரித்து, வெதுவெதுப்பாகத் தண்ணீர் காய்ச்சித் தெளித்தாள். பிறகு புருஷனையும் மகள் பொன்னுத்தாயையும் இழுத்து மூட்டையின் இரண்டு பக்கமும் சாய்த்து உட்காரவைத்தாள்.

“நல்லா ஒட்டி உக்காருங்க! உடம்புச் சூட்டைக் கொடுக்கக் காசா பணமா?”

“நெல்லுக்கு அடை காக்க வச்சுட்டாளே பாவி!” என்றான் ரெத்தினம். ஆனாலும் ஒட்டித்தான் உட்கார்ந்தான்.

புதன்கிழமை விடிந்ததும் பொன்னுத்தாய் கத்தினாள்: “அம்மா! சுடுதும்மா! முதுகெல்லாம் சுடுது!”

காத்தாயி பாய்ந்து வந்து வைக்கோலை விலக்கினாள். ஆவி குபீரென்று முகத்தில் அடித்தது. அடேயப்பா, அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்சம் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். வந்தவள் மூட்டையில் கையை வைத்தாள், அப்படியே குழந்தையோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாக விறைத்துக் கிடந்த வீட்டில் எல்லோரும் மூட்டையைச் சுற்றி ஒட்டிக்கொண்டார்கள். ரெத்தினம் அதைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

உச்சிப்பொழுதில் காத்தாயி மறுபடி நடுவில் கையை விட்டாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். புளித்த வாடை லேசாக வந்தது.

“எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க! பிரிச்சு ஆறப்போடணும்.”

“இன்னும் செத்த நேரம் புள்ள. இப்பத்தான் எலும்புல சூடே ஏறுது.”

“செத்த நேரம் விட்டா வெந்து போயிடும்! அப்புறம் சோத்துக்குக்கூட ஆகாது!”

அசையவில்லை யாரும். அம்சம் மட்டும், “கொழந்தை தூங்குது அக்கா,” என்று மெல்லச் சொன்னாள். காத்தாயி ஒரு கணம் குழந்தையைப் பார்த்தாள். பிறகு கம்பளியை உருவி அம்சத்தின் மேல் போட்டுவிட்டு, மூட்டையைப் புரட்டித் தரை முழுவதும் நெல்லைப் பரப்பினாள். நடுவில் ஒரு கைப்பிடி வெந்து பழுப்பாகியிருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று முளை! ரெத்தினம் குந்தி உட்கார்ந்து ஒரு பிடியை அள்ளிப் பார்த்தான். வீடு மறுபடியும் குளிர்ந்துபோயிற்று.

வியாழக்கிழமை தெளித்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து காத்தாயி ஈரச் சேலையோடு வரப்பில் நின்று குருவி விரட்டினாள். ஆர்.ஐ. வந்தார், கூடவே மிராசுதாரின் காரியஸ்தரும் வந்தார்.

“இது தரிசுதானுங்களே சார்,” என்றார் காரியஸ்தர்.

ஆர்.ஐ. குனிந்தார். சேற்றில் முளைகள் பச்சை தட்ட ஆரம்பித்திருந்தன. “வெதச்சிருக்கே! யாரும்மா சாகுபடி?”

“காத்தாயி! ரெத்தினம் சம்சாரம் காத்தாயி! நல்லா அழுத்தி எழுதுங்கய்யா!”

ஆர்.ஐ. காதைத் தேய்த்துக்கொண்டு சிரித்தபடி எழுதினார். அவர் பேனாவை மூடிய பிறகுதான் காத்தாயிக்குப் பல் கிடுகிடுவென்று அடிக்க ஆரம்பித்தது.

“ஏங்க, குளிருதுங்க,” என்றாள்.

பக்கத்தில் நின்ற ரெத்தினம், அம்சம் திருப்பித் தந்த கம்பளியைத் தன் தோளிலிருந்து எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டான். அதில் இன்னும் முளைநெல் வாசம் அடித்தது.