மேகத்துக்கு மேலே நின்ற மலை

கனடாவில் மொன்றியலில் வேலை செய்த எங்கள் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது இரண்டாயிரத்து ஆறு ஜனவரியில்தான். அந்தீஸ் மலையில் அது மழைக்காலம் என்று தெரிந்தும், கலியாணமான பிறகு போகிற முதல் பயணம் என்று பெருவுக்குப் புறப்பட்டோம்.

போன நாளிலிருந்து மழை. முதுகுப்பைகள் நனைந்து கனக்க, மலையைப் பார்க்கவென்று சேற்றில் ஏறி உச்சிக் கணவாயை அடைந்தபோது, மூட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"போதுமப்பா, திரும்பிப் போவம்," என்று கணவரிடம் அழுதுவிட்டேன்.

அங்கே செம்மறி மேய்த்த ஒரு பெண் எங்களைத் தன் பிளாஸ்டிக் விரிப்புக்குள் கூப்பிட்டு, அவித்த உருளைக்கிழங்கு தந்தாள். பொறுங்கள் என்று கையால் காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் காற்று மாறி, மேகம் விலகியது. எதிரே வெறும் பாறைதான்.

"இவ்வளவுதானோ?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே என் நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினாள். வானம் என்று நான் நினைத்திருந்த இடத்தில், மேகங்களுக்கும் மேலே, வெள்ளைவெளேரென்று ஒரு மலை நின்றது.

"இவ்வளவு நேரமும் இஞ்சதான் நிண்டிருக்கு, என்ன?" என்றார் கணவர்.

மேகம் மறுபடியும் மூடிக்கொண்டது. மூன்று பேரும் நனைந்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இல்லையென்று சொல்ல, அன்றிலிருந்து எனக்கு வாய் வருவதில்லை.