சகலைக்குப் போட்ட வாஷர்

ரீல்காரரைக் கேட்டால், ஏரியில் மீன் பிடிபடுவதே அவர் தயவில்தான். தூண்டில் ரீலில் நூல் கோணலாகச் சுற்றினால், சுற்றுவட்டாரமே அவர் கடைக்குத்தான் ஓடிவரும். சலவைக் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவே இருக்கிறது அந்தக் கடை. குண்டான ஆள் ஒருவர் உள்ளே மூச்சை இழுத்தால் சுவர் விரிசல் விடும், அவ்வளவு அகலம். முன்பு தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். பாபினில் பழகிய கை தூண்டிலுக்குத் தாவிவிட்டது. "நான் சுத்தின நூல்ல எறும்பு ஓடினாக்கூட தடுக்கி விழாது" என்பார். ரீல் பார்க்கிறவர் ரீல் விடுவதில் என்ன அதிசயம் என்று ஊரும் விட்டுவிட்டது.

வேலையில் மட்டும் புளுகு கிடையாது. நூல்கண்டைப் பென்சிலில் கோத்து, நூலை ஈரத்துணியால் அழுத்திப் பிடித்து, ரீலில் பாதிவரை சுற்றுவார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கவாட்டில் பார்ப்பார். நூல் முன் விளிம்பில் மேடு கட்டினால், நூல் சுற்றும் உருளைக்கு அடியில் வாஷர் ஒன்று கூடப் போட வேண்டும். பின்னால் மேடு கட்டினால் ஒன்றை எடுக்க வேண்டும். நகக்கனம்கூட இல்லாத வாஷர்தான், ஆனால் அதுதான் ரீலுக்கு உயிர்.

"சுத்திப் பாக்காம வாஷரத் தொடுறவன், நாடி பாக்காம ஊசி போடுறவன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அந்த விதியை அவரே ஒரு தடவை மீறினார். எல்லாம் ஒரு படகால் வந்த வினை.

படகு மாமனாருடையது. முட்டி இரண்டும் மக்கர் பண்ணியதும் அவர் மருமகன்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள யாரு அதிகமா மீன் பிடிக்கிறீங்களோ, படகு அவருக்கு. அப்புறம் என் பொண்ணுங்கள விட்டு அழ வைக்கக் கூடாது."

ரீல்காரர் மூத்த மாப்பிள்ளை. இளையவர், மெத்தைக் கடைச் சகலை. மனிதரும் மெத்தை மாதிரிதான், யார் சாய்ந்தாலும் அமுங்கிக் கொடுப்பார். அவர் வீசும் தூண்டில் அவர் நிழலைத் தாண்டாது. போன வருஷம் நாள் முழுக்க நின்று அவர் பிடித்தது, அவர் தலையிலிருந்த தொப்பியைத்தான். பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் ஆசை யாரை விட்டது? இத்தனை காலம் கரைச் சேற்றில் நின்று நின்று ரீல்காரருக்குக் காலில் வேர் இறங்காத குறை. படகு எப்படியும் வேண்டும்.

சனிக்கிழமை சகலை கடைக்கு வந்தார். கையில் ரீல். மாமனார் இருவருக்கும் ஒரே கடையில், ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்த ரீல்.

"அண்ணே, கைப்பிடி கீச்சுகீச்சுங்குது. கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குடுங்க."

"நூலு எங்க சகலை?"

"பழச உருவிப் போட்டுட்டேன். புதுச வீட்டுல நானே சுத்திக்கிறேன். எல்லாத்துக்கும் உங்களையே படுத்தினா எப்படி?"

"அதுவும் சரிதான். போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

சகலை தெருவில் இறங்கியதும் ரீல்காரரின் மனசுக்குள் இருந்த குரங்கு வாலை அவிழ்த்தது. ஒழுங்காக இருக்கும் ரீலில் ஒரு வாஷர் கூடப் போட்டால் போதும். நூல் பின்னால் மேடு கட்டும், வீச்சு பாதியில் நொண்டும். டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். அந்தத் தண்டுக்குச் சேரும் வாஷர் ஒன்றுகூட இல்லை. தலைக்கு மேலே அவருடைய சொந்த ரீல் தொங்கியது. அதில் இரண்டு இருந்தன. ஒன்றைக் கழற்றினார்.

"நமக்கு ஒண்ணு போதும். நம்ம கைக்கு பயந்தே ரீலு நேரா சுத்தும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சகலையின் ரீலில் பழைய கிரீஸ் தார் மாதிரி அப்பியிருந்தது. அடியில் எத்தனை வாஷர் என்று அவர் எண்ணவில்லை. தன்னுடையதில் இரண்டு என்றால் இதிலும் இரண்டுதானே? மூன்றாவதை நுழைத்ததாக நினைத்துக்கொண்டு, எண்ணெய் விட்டு, துடைத்துக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை குடும்பமே கரையில் கூடிவிட்டது. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சகலை கண்ணை மூடிக்கொண்டு வீசினார். தூண்டில் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவரிடம் மணி கேட்டுவிட்டுத்தான் தண்ணீரில் விழுந்தது.

ரீல்காரரின் முதல் வீச்சும் சோடையில்லை. ஆனால் திருப்பி இழுக்க இழுக்க, நூல் முன் விளிம்பிலேயே குவிந்தது. அடுத்த வீச்சில் அது சுருள் சுருளாகக் கழன்று விழ, கையில் ஒரு குருவிக்கூடு. முட்டை மட்டும்தான் பாக்கி.

"என்னங்க, மீன் பிடிக்க வந்தீங்களா, ஸ்வெட்டர் பின்ன வந்தீங்களா?" என்றார் அவர் மனைவி.

"காத்துடி. இந்தப் பக்கம் காத்து ஒரு மாதிரி அடிக்குது."

"தங்கச்சி வீட்டுக்காரரும் பக்கத்துலதான நிக்கிறாரு. அவருக்கு மட்டும் வேற ஊர்க் காத்தா?"

சிக்கைப் பிரிப்பதுபோல் நகர்ந்து நகர்ந்து சகலையின் ரீலை எட்டிப் பார்த்தார். நூல் இழைத்த பலகைபோல் சமமாகக் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. சகலையின் ரீலில் முதலிலிருந்தே ஒரு வாஷர்தான் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் அந்த மனிதரை முடக்கிய நோய் அதுதான். அதைத் தன் கையாலேயே குணப்படுத்தி, நோயைத் தன் ரீலுக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

மதியத்தில் சகலையின் வாளியில் கெண்டைகள் இடம் போதாமல் சண்டை போட்டன. படகுச் சங்கிலியின் சாவி அவர் கைக்குப் போனது. அவரோ ரீல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிச்சது நான் இல்ல மாமா, அண்ணன் கைதான். வெறும் எண்ணெய்தான் கேட்டேன். என்ன பண்ணாருன்னே தெரியல, ரீலே வேற ரீலாயிடுச்சு. போட்டிக்கு நிக்கிறவனுக்கு யாரு இப்படிச் செய்வா?"

ரீல்காரர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் மானம் போகும். படகுதான் போயாயிற்று, மானமாவது வீட்டுக்கு வரட்டும் என்று, "சகலைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்" என்றார்.

மாமனார் அவருடைய ரீலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்பிள்ள, உங்களுதுல முன்னாடி மேடு கட்டுதே. நல்ல ஆளா பாத்து ஒருதடவ காட்டுங்க."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் படகில்தான் போகிறார்கள். துடுப்புப் போடுவது ரீல்காரர்.

"சகலை, ரீல ஒருநாள் கடையில விட்டுட்டுப் போங்க. எண்ணெய் விட்டுத் தரேன்" என்று அவரும் வாராவாரம் கேட்டுப் பார்க்கிறார்.

சகலை ரீலை மடியில் இறுக்கிக்கொள்கிறார். "வேணாம்ணே. நீங்க பாசமா பாத்து வச்ச ரீலு. இனிமே நீங்களே கேட்டாலும் குடுக்க மாட்டேன்."